இருபத்திரண்டு விநாடி ஜெபம்

1

ஊரில் எங்கள் சபையின் ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களுக்கென்று நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். போன ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்திலிருந்து என் தம்பி ஜஸ்டின் கூப்பிட்டுச் சொன்னான்.

“அண்ணே, உங்க மூணு பேருக்க படம் நல்லதா ஒண்ணு பாத்து அனுப்பு. பாப்பா இப்பம் வளந்திருப்பாளே. எல்லாரும் கேக்காவ.”

“நானும் ஷீபாவும் உள்ளதை அனுப்புதேன். பாப்பாக்க படம் இல்ல.”

“படம் இல்லியா? நீயா சொல்லுத?”

அவன் ஆச்சரியப்பட்டதில் தப்பில்லை. என் மகளுக்கு முதல் பல் விழுந்தது, சைக்கிள் ஓட்டக் கற்றது, அம்மை போட்டுப் படுத்தது எல்லாம் ஊருக்குத் தெரியும். ஒன்பது வருடம் நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது படம் இல்லை என்கிறேன்.

அவளுக்குப் பதினெட்டு வயது. வேறு நகரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இதை எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். என் பெயர் வேண்டாம், நாம் இருந்த ஊர் வேண்டாம், பள்ளி வேண்டாம் என்றாள். பிறகு, “கேட்டுவிட்டு எழுதினேன் என்று அதில் எழுதுங்கள்” என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2

நியூசிலாந்துக்கு வந்தபோது அவளுக்கு நாலு வயது. எனக்குப் பால்பவுடர் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. என் மனைவி ஷீபா முதியோர் இல்லத்தில் நர்ஸ். எங்களைத் தவிர அந்தச் சிறிய ஊரில் தமிழ் பேச ஆள் கிடையாது. கடையில் ஒரு மலையாளியைப் பார்த்தால் அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா.

வந்த மாதமே முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினேன். முதலில் வீட்டுக்காரர்கள் பார்ப்பதற்கென்றுதான். பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். யாரும் பார்க்கலாம் என்றே வைத்திருந்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது? நான் ஷிப்ட் முடிந்து வண்டியில் ஏறி உட்கார்ந்து போனைத் திறப்பேன். பள்ளியில் கூடப் படித்தவன் ஒரு இதயம் போட்டிருப்பான். சித்தி ஒருத்தி ‘ஆண்டவர் காப்பார்’ என்று எழுதியிருப்பாள். என்னை யாரும் மறக்கவில்லை என்று தோன்றும். வண்டியைக் கிளப்பி வீட்டுக்குப் போவேன்.

என்னைப் படம் எடுத்துப் போட்டால் பத்துப் பேர் பார்ப்பார்கள். மகளைப் போட்டால் இருநூறு பேர். அதனால் மகளைப் போட்டேன்.

அவளுக்கு ஒன்பது வயதில் அந்த வீடியோ வந்தது. நான் இரவு ஷிப்டுக்குப் புறப்படும் முன் ஆறு மணிக்குக் குடும்ப ஜெபம் நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒருவர் ஜெபிப்போம். அன்று அவள் முறை. தமிழில்தான் ஜெபிக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். கண்களை இறுக மூடிக்கொண்டு ஜெபித்தாள்.

“இயேசப்பா, எங்க அப்பா நைட் வேலைக்குப் போறாங்க. பெரிய மிஷின் இருக்கு. எங்க அப்பாவைக் காத்துக் கொல்லும்.”

காத்துக்கொள்ளும் என்று சொல்ல வேண்டியது. ‘ள’ அவள் நாக்கில் வராது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்தேன். இருபத்திரண்டு விநாடி.

ஷீபா சொன்னாள், “அதைப் போடாதிய. பிள்ள கண்ண மூடிட்டிருக்கு. எடுத்தது அவளுக்குத் தெரியாது.”

“சும்மா இரு. நம்ம ஆளுவதானே பாக்கப் போறாவ.”

‘எங்கள் வீட்டுக் குட்டிப் போதகர்’ என்று தலைப்பு வைத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் நாலாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். ஒரு வாரத்தில் எனக்கு எண்ணத் தெரியவில்லை. மார்த்தாண்டத்து மீம் பக்கம் ஒன்று கடைசி வரியை மட்டும் வெட்டி, கணவனை முறைத்துப் பார்க்கும் ஒரு மனைவியின் காட்சிக்கு மேல் ஒட்டியது. இன்னொருவர் நெடுஞ்சாலையில் பறக்கும் தனியார் பஸ்ஸின் மேல். இன்னொருவர் தேர்வு அறைக்குள் நுழையும் கல்லூரி மாணவர்கள் மேல். எல்லாவற்றிலும் என் மகளின் குரல். காத்துக் கொல்லும்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது. தொழிற்சாலையில் தமிழ் தெரியாத ஒரு சமோவாக்காரரைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினேன்.

3

அவளுக்குப் பதினொரு வயதானபோது லீவில் ஊருக்குப் போனோம். ஒரு கல்யாணம். மண்டபத்தில் நாங்கள் நுழைந்ததுமே ஒரு அக்காள் வந்து அவள் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி, நீதானே அந்தக் காத்துக் கொல்லும்? ஒருக்கா சொல்லு மக்கா, கேக்கட்டு.”

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லு என்று தலையாட்டினேன். சொன்னாள். பந்தி வரிசையே சிரித்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் ஏழெட்டு முறை சொல்ல வேண்டி வந்தது.

இரண்டு நாள் கழித்து பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப்போனேன். மரத் தூண்களை அவள் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒருத்தி கத்தினாள், “ஏய், அந்த ஜெபக்குட்டிலா!” சுற்றி நின்று படம் எடுத்தார்கள். நான்தான் அவளைப் பிடித்து நடுவில் நிறுத்தினேன்.

திரும்பும்போது காரில் கேட்டாள்.

“அப்பா, அதுல என்ன ஜோக்?”

எழுத்து மாறினால் பொருள் மாறும் என்று விளக்கினேன். கொள்ளும் என்றால் என்ன, கொல்லும் என்றால் என்ன என்று சொன்னேன். தக்கலை தாண்டியதும் மறுபடி கேட்டாள்.

“உங்களைக் கொல்லச் சொல்லி நான் கடவுளிடம் கேட்டிருக்கிறேனா?” அது ஆங்கிலத்தில்.

“நீ அப்படி நினைச்சுச் சொல்லல்லன்னு எல்லாருக்கும் தெரியும் மக்கா. அதுதான் சிரிப்பு.”

“எனக்கு அன்றைக்குப் பயமாக இருந்தது. மெஷினில் கை மாட்டிக்கொண்ட ஆளைப் பற்றி நீங்கள் சொன்னீர்கள். அதனால் ஜெபித்தேன்.”

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். ஷீபா பின்சீட்டில் அவள் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். அந்த அரண்மனைப் படத்தையும் அன்று மாலையே போட்டேன்.

திரும்பி வந்த பிறகு அவள் முறை வரும்போது ஆங்கிலத்தில் ஜெபித்தாள். நான் சட்டத்தை நினைவுபடுத்தியதும் மனதுக்குள் ஜெபிப்பதாகச் சொன்னாள். தமிழில் அவளிடம் மிஞ்சியவை ‘ம்’, ‘போதும்’, ‘வேண்டாம்’. இந்த மூன்றுக்கும் ‘ள’ தேவையில்லை. இதை நான் கண்டுபிடிக்கவே ஒரு வருடம் ஆனது.

4

பதின்மூன்று வயதில், ஒரு புதன்கிழமை, பள்ளிக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். நம் ஜாடையில் ஒரு ஆள் வந்து, வீட்டில் நாங்கள் கூப்பிடும் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட். சிரித்துக்கொண்டே, “காத்துக் கொல்லும்!” என்றார்.

அவள் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். தெருமுனையில் இருந்த நூலகத்துக்குள் நுழைந்து, குழந்தைகள் புத்தக அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அம்மாவுக்குப் போன் செய்தாள். எனக்குச் செய்யவில்லை. அன்று எனக்கு விடுமுறை. வீட்டில்தான் இருந்தேன்.

நூலகத்துப் பெண்மணி போலீசுக்குச் சொல்லியிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு போலீஸ்காரப் பெண் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். அந்த ஆளுக்கு எப்படிச் செல்லப்பெயர் தெரியும்? எந்தப் பள்ளி என்று எப்படித் தெரியும்? புதன்கிழமை தனியாக வருவாள் என்று எப்படித் தெரியும்?

என் போனைத் திறந்து கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். புதுச் சீருடையில் முதல் நாள். சட்டையில் பள்ளி முத்திரை. ‘இன்று மகள் முதல்முறையாகத் தனியாகப் பஸ்ஸில்’; பின்னால் பஸ் எண். ‘புதன்கிழமைகளில் ஷீபாவுக்கு மாலை ஷிப்ட், என் பெண் தன் காலில் நிற்கப் பழகுகிறாள்.’ வீட்டு வாசல். நாய். அந்த நாயின் பெயர்.

“யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்ததா?”

“ஆமாம்.”

அவர் என்னைத் திட்டவில்லை. படிவத்தில், தகவல் எங்கிருந்து கிடைத்தது என்ற கட்டத்தில், ‘பெற்றோர்’ என்று எழுதினார். அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல வாசித்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பார்க்கிங் சீட்டு முடிந்திருக்குமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆள் நம் மாவட்டத்துக்காரர். பக்கத்துப் பழத்தோட்டத்தில் பழம் பறிக்க வந்தவர். போலீஸ் விசாரித்தது, எச்சரித்து அனுப்பியது. அவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். ‘அண்ணே, மன்னிக்கணும். அஞ்சு வருசமா பாக்கேன். எனக்க சொந்தப் பிள்ளை மாதிரித்தான் தோணிச்சு.’ அவர் தனிமையில் வாடிய நல்ல மனிதரா, வேறு மாதிரி ஆளா, எனக்கு இன்றுவரை தெரியாது. பதில் போடவில்லை.

5

அன்றைக்கே பக்கத்தை அழித்தேன். ஒன்பது வருடம் நாலு தட்டலில் போய்விட்டது. ஆனால் மற்றவர்கள் எடுத்து ஒட்டியது போகவில்லை. அவற்றை நீக்கச் சொல்லிப் படிவம் போட்டேன்.

படிவம் கேட்டது: வீடியோவில் இருப்பது நீங்களா? இல்லை, மகள். மகள் என்பதற்குச் சான்று? பிறப்புச் சான்றிதழ் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பிறந்ததற்கானது. அதில் என் பெயர் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் இருந்தது. அதற்கு ஒரு கடிதம். பிறகு இன்னொரு கேள்வி: இதில் என்ன தீங்கு இருக்கிறது என்று ஆங்கிலத்தில் விளக்கவும். ஐந்நூறு எழுத்துக்குள்.

தமிழில் ல, ள, ழ என்று மூன்று உண்டு, எங்கள் ஊர்க்காரர்கள் மூன்றையும் பிரித்துச் சொல்வதில் பெருமைப்படுவார்கள், ஒரு குழந்தை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சொல்லிவிட்டது என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது எனக்கே அதில் தீங்கு தெரியவில்லை. பதினாறு நாள் கழித்துப் பதில் வந்தது. அந்த வீடியோவில் விதிமீறல் ஏதும் இல்லையாம்.

இதற்கிடையில் அவள் வகுப்புப் பிள்ளைகளில் யாரோ அதைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார்கள். பொருள் தெரியாவிட்டாலும் அந்த ராகத்தில் பாடினார்களாம். பள்ளியை மாற்றினோம்.

அந்த நாட்களில் ஒரு நாள், தொழிற்சாலைச் சாப்பாட்டு இடைவேளையில், அதை முதலில் வெட்டி ஒட்டிய மீம் பக்கத்தைத் தேடிப் போனேன். அதன் கீழே ஒரு கருத்து எழுதினேன். அந்தப் பக்கத்துக்காரனின் மனைவியைப் பற்றி எழுதினேன். என்ன எழுதினேன் என்று இங்கே சொல்ல முடியாது. எழுதி முடித்து, கை கழுவி, மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன்.

6

இரண்டு வருடம் முன்பு நிலப் பத்திரம் ஒன்றில் கையெழுத்துப் போட நான் மட்டும் ஊருக்குப் போனேன். அந்த மீம் பக்கத்துக்காரனை ஜஸ்டின் கண்டுபிடித்து வைத்திருந்தான். பெயர் அஜின். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே கல்யாண வீடியோ எடிட்டிங் கடை. மன்னிப்புக் கேட்க வைக்காமல் விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு, தம்பியைக் கூட்டாமல் தனியாகப் போனேன்.

முப்பது வயது இருக்கும். கண்ணாடி போட்டு, ஒல்லியாக, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“என்ன வேணும் அண்ணே?”

“காத்துக் கொல்லும் போட்டது நீதானே? நான் அந்தப் பிள்ளைக்க அப்பன்.”

எழுந்துவிட்டான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மேலே பஸ்களின் சத்தம்.

“இரிங்கண்ணே. அதை நான் எடுக்கல்லியே. நீங்க போட்டதுல இருந்து வெட்டுனேன். உலகம் முழுக்கப் பாக்கட்டும்னு தானே போட்டிருந்திய?”

பள்ளிக்கு எதிரே நடந்ததைச் சொன்னேன். நூலகத்தைச் சொன்னேன். அவள் தமிழ் பேசுவதில்லை என்பதைச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டான்.

“இவ்வளவும் எனக்குத் தெரியாதுண்ணே. ஒரு வார்த்தை அனுப்பியிருந்தா அப்பமே எடுத்திருப்பேன்.”

“உனக்குப் பிள்ளை உண்டா?”

“மூணு வயசுல ஒரு பெண்பிள்ளை.”

“அவளுக்க படம் போடுவியா?”

கொஞ்ச நேரம் கீபோர்டைத் தடவினான்.

“இல்லண்ணே. போட மாட்டேன். கையில கிடைச்சா என்னவெல்லாம் செய்வானுவன்னு எனக்குத் தெரியும்லா.”

என் முன்னாலேயே அந்த வீடியோவைத் தேடி அழித்தான். தெரிந்த மூன்று பக்கக்காரர்களைப் போனில் கூப்பிட்டு அழிக்கச் சொன்னான். “மத்தவனுவ கையில இருக்கதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது” என்றான். அப்புறம் தயங்கித் தயங்கி, தன் போனில் ஒரு படத்தை எடுத்து என் பக்கம் திருப்பினான்.

“இது நீங்க எழுதுனதுதானே? உங்க பேரும் படமும் இருக்கு.”

நான் எழுதியதுதான். அழிந்துபோகாமல் எடுத்து வைத்திருந்தான்.

“எனக்க பொஞ்சாதி இதை வாசிச்சா. அப்பம் அவ மாசமா இருந்தா. அவளுக்க அம்மையும் வாசிச்சாவ. ரெண்டு நாளு சோறு திங்கல்ல. நான் செஞ்சதுக்கு என்னைத் திட்டுங்க. அவ உங்கள என்ன செஞ்சா?”

கொண்டுபோன கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் வேறு எதுவும் வந்து நிறையவும் இல்லை.

“அவகிட்ட பேசலாமா?” என்றேன்.

போன் போட்டுக் கொடுத்தான். பின்னால் குழந்தை ஏதோ கேட்டு அழுதுகொண்டிருந்தது.

“மக்கா, நான் அந்தப் பிள்ளைக்க அப்பன் பேசுதேன். உன்னப் பத்தி நான் அப்படி எழுதப்பிடாது. தப்பு. மன்னிக்கணும்.”

அந்தப் பெண் குழந்தையைச் சமாதானப்படுத்துவது கேட்டது. பிறகு, “சாரமில்ல அண்ணா” என்றாள். விட்டுத்தள்ளு என்பதுபோல எங்கள் பக்கத்தில் சொல்லும் சொல். அதோடு விடாமல் கேட்டாள்: “உங்க மகளு இப்பம் நல்லா இருக்காளா?”

நல்லா இருக்கா என்றேன். அந்த வீடியோவைப் பார்த்த அத்தனை பேரில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

7

திரும்பி வந்து நடந்ததை மகளிடம் சொன்னேன். அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். தமிழில் தொடங்கி, அவளுக்குப் புரிய வேண்டுமே என்று ஆங்கிலத்துக்கு மாறினேன். ஆங்கிலத்தில் அது வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல இருந்தது. “சரி” என்றாள். கோபம் இருந்தால் தேவலை என்று தோன்றியது. அதுவும் இல்லை.

ஊரிலிருந்து சிலர் இப்போதும் கேட்கிறார்கள், ஏன் ஒன்றும் போடுவதில்லை, பெரிய ஆளாகிவிட்டாயா என்று. வேலை கூடுதல் என்கிறேன். புதிதாக வெளிநாடு வந்த என் மச்சினன் தன் மகனைக் குளிப்பாட்டும் வீடியோ போட்டிருந்தான். கீழே எழுதாமல் கூப்பிட்டுச் சொன்னேன். “நீங்க போடாததா அத்தான்?” என்று கேட்டான். போட்டேன், அதனால்தான் சொல்லுதேன் என்றேன். எடுத்துவிட்டான். என்மேல் வருத்தமா என்று தெரியவில்லை.

மகள் கல்லூரிக்குப் போன மாதத்தில் தானாக ஒரு கணக்குத் தொடங்கினாள். பூட்டு வைத்தது. அவள் அனுமதித்தவர்கள் மட்டும் பார்க்கலாம். முப்பத்தொரு பேர். அதில் ஷீபா உண்டு. யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லித்தான் அவளைச் சேர்த்திருக்கிறாள். நானும் அனுமதி கேட்டேன். எட்டு மாதமாகிறது. கோரிக்கை அனுப்பப்பட்டுள்ளது என்றே காட்டுகிறது. அவள் மறுக்கவும் இல்லை.

நேற்று மாலை சாப்பிட உட்கார்ந்தபோது ஷீபாவின் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள். சிரித்தாள்.

“அவளா?”

“ம்.”

“நல்லா இருக்காளா?”

“நல்லா இருக்கா.”

“முடி வெட்டியிருக்காளா என்ன?”

“அதை அவகிட்டயே கேளுங்க” என்று ஷீபா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். கடுமையாகச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

நான் சாப்பிட்டுக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இன்னும் போகவில்லை. எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தேன். நெடுநேரம் நின்றது. சந்தோஷமான படமாகத்தான் இருக்க வேண்டும்.